கோஸ் லாரிகளின் சாலை: பாகியோ முதல் பொன்டோக் வரை

திங்கள், பாகியோ

நாளைக் காலை நான் ஏறப்போகும் சாலைக்கு அரசுக் கணக்கில் என்204 என்று பெயர். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஹல்சிமா என்றால்தான் தெரியும். பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில், பாகியோவிலிருந்து வடக்கே கிளம்பி, பெங்கெட் மாகாணத்தின் மலைமுகடுகள் மேலேயே ஓடி, மவுன்டன் பிராவின்ஸ் என்ற அடுத்த மாகாணத்தின் தலைநகரான பொன்டோக்கில் போய் இறங்குகிறது. ஏறத்தாழ 150 கிலோமீட்டர். பேருந்தில் ஒரே மூச்சாகப் போனால் ஆறு மணி நேரம் ஆகும் என்கிறார்கள். எனக்கு அவசரம் இல்லை. அங்கங்கே இறங்கித் தங்கிப் போவதாக எண்ணம்.

சாலைக்குப் பெயர் தந்தவர் யூசிபியஸ் ஹல்சிமா என்ற அமெரிக்கப் பொறியாளர். பிலிப்பைன்ஸ் அமெரிக்கர் கையில் இருந்த காலத்தில், 1920 முதல் 1937 வரை பாகியோவின் மேயராக இருந்தவர். மலைவாசிகள் நடந்துபோன தடத்தை அகலப்படுத்தி வண்டி போகும் பாதையாக்கும் வேலை 1922இல் தொடங்கி 1930இல் முடிந்தது. அப்போது அதற்கு மவுன்டன் டிரெயில் என்று பெயர். ஓய்வுக்குப் பிறகும் மனுஷன் ஊரைவிட்டுப் போகவில்லை. 1945இல் ஜப்பானியர் பிடியில் இருந்த பாகியோ மீது அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டபோது அதில் இறந்துபோனார். தன் நாட்டுக் குண்டிலேயே.

ஆனால் இந்தச் சாலையை ஓட்டத்துக்குக் கொண்டுவந்தவர் இந்த மண்ணின் ஆள், பாடோ டாங்வா. பழைய லாரிகளையும் கார்களையும் தட்டிக்கொட்டிப் பேருந்தாக்கி மலைப்பாதையில் ஓடவிட்டார். போர் வந்ததும் ஜப்பானியருக்கு எதிராகக் கெரில்லாப் படையில் சேர்ந்தார். பிற்பாடு மவுன்டன் பிராவின்ஸின் ஆளுநரும் ஆனார். மணிலாவில் பூ வாங்குகிறவர்கள் போகும் சந்தைக்கு இன்றும் டாங்வா என்றுதான் பெயர். பெங்கெட்டிலிருந்து பூ ஏற்றிவந்த அவருடைய பேருந்துகள் நின்ற இடம் அது. பாகியோவிலும் டாங்வா பெயரில் ஒரு பேருந்து நிலையம் உண்டு. சாயங்காலமே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பயணிகளைவிடச் சாக்குமூட்டைகள் அதிகம். அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து ஒரு சேவல் கூவிக்கொண்டிருந்தது.

பாகியோவைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, ஆனால் பிப்ரவரி மாதம் பனக்பெங்கா என்ற பூத்திருவிழா நேரம். ஊர் முழுக்க மணிலாக்காரர்கள். நடைபாதையில் நடக்க இடமில்லை. போதும்.

செவ்வாய், லா திரினிதாத் வழியாக அத்தோக்

பாகியோ எங்கே முடிந்தது, லா திரினிதாத் எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. பெங்கெட்டின் தலைநகரம் இதுதான். இடப்பக்கம், வலப்பக்கம் என்றில்லாமல் மலைச்சரிவு முழுக்க வீடுகள். ஒரு சரிவில் மட்டும் வீட்டுச் சுவர்களையெல்லாம் சேர்த்து ஒரே ஓவியமாக, பெரிய பூக்களும் பட்டைகளுமாக 2016இல் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். ஸ்டோபோசா என்கிறார்கள். ஜீப்னி என்ற சிற்றுந்தைவிட்டு இறங்கி எல்லாரும் படம் எடுக்கிறார்கள். தூரத்தில் அழகுதான். ஆனால் மலையில் இத்தனை வீடு எப்படி நிற்கிறது என்ற கேள்வி போகவில்லை. இதே ஊரில் புகிஸ் பகுதியில், 2009 அக்டோபரில் புயல்மழை விடாமல் கொட்டியபோது லிட்டில் கிபுங்கன் என்ற குடியிருப்பை மலை சரிந்து மூடியது. வடக்கே கிபுங்கனிலிருந்து பிழைக்க வந்தவர்கள் குடியேறிய இடம். பலர் உயிரோடு புதைந்துபோனார்கள்.

பள்ளத்தாக்கின் நடுவில் ஸ்ட்ராபெர்ரி வயல்கள். 2004இல் இங்கே செய்த ஸ்ட்ராபெர்ரி கேக் 9,600 கிலோவுக்கு மேல் எடை வந்து கின்னஸில் ஏறியது. எனக்கு அதைவிடக் காய்கறிச் சந்தைதான் பிடித்திருந்தது. வடக்கேயிருந்து வரும் லாரிகள் இங்கே சரக்கை இறக்க, மணிலா லாரிகள் ஏற்றிக்கொள்கின்றன. சீனக் கோஸை ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றி, கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் பையில் ஆள் உயரத்துக்கு அடுக்குகிறார்கள். செய்தித்தாளில் சுற்றுகிறவர் கை பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. இடது கையில் கோஸ் ஒரு சுற்று, வலது கை ஓரத்தை மடித்து உள்ளே செருகும், அடுத்தது. தாளில் இருக்கும் சேதியை ஒருநாளும் படித்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். பக்கத்தில் தண்ணீர் பீய்ச்சிக் கேரட் கழுவுகிறார்கள். ஓடுகிற தண்ணீரெல்லாம் செம்மண் நிறம்.

நாட்டின் குளிர்ப்பிரதேசக் காய்களில் பெரும்பங்கு பெங்கெட்டில் விளைகிறது. கோஸ், உருளை, கேரட், பீன்ஸ், அப்புறம் வேலி வேலியாக நம்ம சௌசௌ. இங்கே அதற்கு சயோத்தே. பாகியோவுக்கு வரும் கெனன் சாலையை வெட்ட வந்த சீன, ஜப்பானியத் தொழிலாளர்களில் சிலர் ஊர் திரும்பாமல் இந்தப் பள்ளத்தாக்கில் தோட்டம் போட்டார்கள். பாகியோவில் அமெரிக்கப் படையின் ஓய்வு முகாமான கேம்ப் ஜான் ஹேயில் ஓய்வெடுக்க வந்த வெள்ளைக்காரர்களுக்குச் சாலட் இலை வேண்டுமே. அதற்குமுன் இந்த மலையில் இபலோய், கன்கனாய் மக்களின் சாப்பாடு சர்க்கரைவள்ளியும் சேம்பும் நெல்லும்தான். ஹல்சிமா சாலை போட்டபின் கோஸ் சாலையோடு சேர்ந்து வடக்கே ஏறியது.

மதியத்துக்கு மேல் பொன்டோக் பேருந்தில் ஏறினேன். டுப்ளே தாண்டியதும் ஏற்றம். சாலை முழுக்கக் கான்கிரீட், அகலமும் பரவாயில்லை. பயப்பட வைப்பது சாலை அல்ல, அதன் ஓரம். ஒரு பக்கம் வெட்டிய மலை, மறுபக்கம் மேகம். மேகம் விலகும்போதுதான் அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை என்று தெரிகிறது. ஓட்டுநரோ ஒரு கையால் வேர்க்கடலை உரித்தபடி வளைவெடுக்கிறார். எதிரே வந்த கோஸ் லாரி ஹாரன் அடித்தால் இவரும் ஒன்று அடிக்கிறார், அவ்வளவுதான் பேச்சு.

அத்தோக்கில் காட்டுபோ என்ற இடத்தில் ஒரு மஞ்சள் பலகை: பிலிப்பைன்ஸ் நெடுஞ்சாலைகளின் மிக உயரமான புள்ளி, 7,400 அடி. மீட்டரில் 2,255. நமக்குப் புரியும்படி சொன்னால் ஊட்டி நகரம் இருக்கும் உயரம். ஆனால் இந்தப் பட்டம் கைமாறிவிட்டது. 2019இல் பக்கத்து இபுகாவ் மாகாணத்தில் தினோக் வழியே போகும் புதுச் சாலை 2,400 மீட்டரைத் தாண்டுவதாக அளந்து அறிவித்தார்கள். பலகை மட்டும் நிற்கிறது. இறங்கிப் படம் எடுக்கும் கூட்டத்துக்கும் குறைவில்லை. நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன், சும்மா எதற்கு விடுவானேன்.

புதன், அத்தோக்

சயாங்கான் என்ற சிற்றூரில் தங்கல். இரவு மூன்று கம்பளி போர்த்தியும் கால்விரல் சூடாகவில்லை. விடியற்காலை தண்ணீர் தெறிக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், அந்தக் குளிரில் ஒருவர் தோட்டம் முழுக்கத் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறார். ஜனவரி, பிப்ரவரியில் இங்கே உறைபனி விழும். வெயில் ஏறுவதற்குள் இலைமேல் படிந்த பனியைக் கழுவிவிடாவிட்டால் இலை வெந்ததுபோலக் கருகிவிடும். சாலையோரப் புல் வெள்ளையாக இருந்தது, மிதித்தால் நொறுக்கென்றது. அதைப் பார்க்கத்தான் பாகியோவிலிருந்து கார் போட்டு வருகிறார்கள். தோட்டக்காரர் பார்வையில் அது சேதம்.

கடையில் சூடாக அரிசிக்கஞ்சி. கோழிக்கறியும் இஞ்சியும் போட்டு, மேலே வறுத்த பூண்டைத் தூவித் தருகிறார்கள். இந்த ஊரில் இதைவிட நல்ல சாப்பாடு இருக்க முடியாது. குளிர் தொண்டைவழியாக இறங்கிப்போகும். ஒரு கிண்ணம் முடித்துவிட்டு இன்னொன்று கேட்டேன்.

குறையைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அத்தோக் நாறுகிறது. கோழி எரு. சமவெளிப் பண்ணைகளிலிருந்து லாரி லாரியாக வருகிறது. சாலையோரம் மூட்டைகளாக அடுக்கி, மழை படாமல் தார்ப்பாய் போட்டு வைத்திருக்கிறார்கள். பூத்தோட்டம் பார்க்க வந்த குடும்பம் ஒன்று முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு நடந்தது. கீழே போகும் லாரியில் கோஸ், மேலே வரும் லாரியில் எரு. இந்தச் சாலையில் வண்டி எதுவும் காலியாக ஓடுவதில்லை.

இன்று நாள் முழுக்க நான் பார்த்தது ஒரே விஷயம். கம்பிவடம். தோட்டங்கள் சாலைக்குக் கீழே நூற்றுக்கணக்கான மீட்டர் பள்ளத்திலோ எதிர்மலையிலோ இருக்கின்றன. மூட்டையை முதுகில் சுமந்து ஏறினால் அரைநாள் போய்விடும். அதனால் பள்ளத்தின் குறுக்கே இரும்புக் கம்பிவடம் கட்டி, அதில் ஒரு தொட்டிலைத் தொங்கவிட்டு இழுக்கிறார்கள். சாலையோரத் தகரக் கொட்டகையில் பழைய லாரி என்ஜின் ஒன்றைச் சிமெண்டில் பதித்திருக்கிறார்கள். அதன் அச்சோடு பற்றவைத்த உருளையில் வடம் சுற்றிக்கொள்கிறது. இயக்குகிறவர் உட்கார லாரியின் ஓட்டுநர் இருக்கையையே பிடுங்கிப் போட்டிருக்கிறது. காலடியில் பிரேக், கிளட்ச், பக்கத்தில் கியர். எதிரில் கண்ணாடி இல்லை, சாலை இல்லை, பள்ளம் மட்டும்தான். எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் விசில் அடித்தால் இவர் கிளட்சை விடுகிறார். வடம் ஒரு முறை நடுங்கும். மேகத்துக்குள்ளிருந்து கேரட் மூட்டைகள் ஆடி ஆடி வெளியே வரும்.

இயக்கிக்கொண்டிருந்தவர் ஐம்பது வயதுக்காரர். இங்கே மூத்தவரை மனோங் என்று கூப்பிட்டால் முகம் மலர்கிறது. “மனோங், இதில் ஆள் போவதுண்டா?” என்று கேட்டேன்.

“போகக் கூடாது” என்றார். பிறகு சிரித்துவிட்டு, “பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டால் போவார்கள். நீங்கள் போகிறீர்களா சார்?”

வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவருக்கும் சொந்தத் தோட்டம் உண்டு. இந்த வருஷம் உருளை போட்டிருக்கிறார். விதை, உரம், மருந்து எல்லாம் ஒரு வியாபாரி கடனாகத் தருவார். அறுவடை அவரிடமே போகவேண்டும். விலையையும் அவரே சொல்வார். நம் ஊர்க் கமிஷன் மண்டியில் முன்பணம் வாங்கியவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. “விலை நன்றாக இருந்தால் அந்த வருஷம் பிக்கப் வண்டி வாங்குவோம். இல்லையென்றால் கோஸை அறுக்காமல் விட்டுவிடுவோம், அறுக்கிற கூலிகூட வராது” என்றார். 2021, 2022 வாக்கில் சீனாவிலிருந்து கள்ளத்தனமாக வந்த கேரட் மணிலாச் சந்தையில் பாதி விலைக்குக் குவிந்தது. செனட்டில் விசாரணைவரை போன விவகாரம். அந்தக் கேரட்டைப் பற்றிக் கேட்டேன். கெட்ட வார்த்தையாகத்தான் இருக்கவேண்டும், ஒன்று சொன்னார். மொழிபெயர்க்கவில்லை.

வியாழன், மவுன்ட் டேட்டா

நதுப்ளெங், அபாத்தான். இரண்டும் புகியாஸ் வட்டாரத்து ஊர்கள். இரண்டிலும் உரக்கடை, மருந்துக்கடை, மறுபடி உரக்கடை. அபாத்தானில் ஒரு கிளைச்சாலை மேற்கே மங்கயான் சுரங்கப் பக்கம் பிரிகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பேருந்து நின்றது. கழிப்பறை வாசலில் டப்பாவோடு ஒரு பாட்டி, ஐந்து பேசோ. எல்லாரும் அவருக்குப் பணிவாக வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள்.

பெங்கெட் முடிந்து மவுன்டன் பிராவின்ஸ் தொடங்கும் இடத்தில் மவுன்ட் டேட்டா. மலைஉச்சி என்றால் கூர்மையாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், மேலே தட்டையான மேட்டுநிலம். சிக்கோ, அக்னோ, அப்ரா ஆகிய பெரிய ஆறுகளின் தலைநீர் இந்த வட்டாரத்தில்தான் கசிகிறது. 1890களில் ஜான் வைட்ஹெட் என்ற ஆங்கிலேயர் இங்கே வந்து காட்டு விலங்குகளைச் சேகரித்தார். அப்போது இது பாசி மூடிய அடர்காடு. மரத்தில் வாழும் குட்டை மேக எலி ஒன்றை அவர் இங்கே பிடித்து அனுப்பினார். அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் அதை யாரும் பார்க்கவில்லை. 2008இல் மறுபடி கண்டார்கள், ஆனால் இங்கே அல்ல, தெற்கே மவுன்ட் புலக்கில்.

இங்கே ஏன் இல்லை என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. மேட்டுநிலத்தில் ஏறிப் பார்த்தேன். கோஸ். கண்ணுக்கெட்டிய தூரம் கோஸ், நடுவில் உருளை. 1936இல் தேசியப் பூங்காவாக அறிவித்த இடம் இது. மரம் என்று பார்த்தால் ஓடையோரத்தில் ஒரு கொத்து, முகட்டில் ஒரு கொத்து. தோட்டம் போட்டவர்களைத் திட்டவும் மனம் வரவில்லை. நேற்று கம்பிவடம் இயக்கினவரைப்போன்ற ஆட்கள்தான். சாலை வந்தது, சந்தை வந்தது, கடனும் வந்தது. பள்ளத்தில் இடம் தீர்ந்ததும் மேலே ஏறினார்கள். ஆனால் பாசிக்காடு பஞ்சுபோல் பிடித்துவைத்திருந்த மழைத்தண்ணீர் இப்போது நேராகச் சரிவில் இறங்குகிறது. ஜூன் முதல் அக்டோபர் வரை ஹல்சிமாவை மூடுவதும் திறப்பதுமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வழிநெடுக மலைமேல் கம்பிவலை, தடுப்புச் சுவர், பிளந்த தடுப்புச் சுவர், அதற்கு முட்டுக்கொடுத்து இன்னொரு சுவர். மண்ணோ வருஷாவருஷம் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

இங்குள்ள ஹோட்டல் ஒன்றுக்கு வரலாறு உண்டு. 1986 செப்டம்பர் 13 அன்று அதிபர் கொரி அக்கினோ இங்கே வந்து கொன்ராடோ பால்வெக்கோடு சமாதானம் பேசினார். பால்வெக் கத்தோலிக்கப் பாதிரியாராக இருந்து, கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு சேர்ந்து துப்பாக்கி தூக்கியவர். மலைவாசிகள் பகை தீர்க்கும் வழக்கப்படி இருதரப்பும் பொருள்களை மாற்றிக்கொண்டன. அடுத்த வருஷம் இந்த மலைமாகாணங்களைச் சேர்த்து கோர்டில்லேரா நிர்வாக வட்டாரம் உருவானதற்கு அந்தச் சந்திப்பு ஒரு படி. பால்வெக்கை 1999இன் கடைசி நாளில் அவருடைய பழைய தோழர்களே சுட்டுக்கொன்றார்கள்.

வெள்ளி, பொன்டோக்

மவுன்ட் டேட்டாவிலிருந்து இறக்கம்தான். பௌகோ, சபாங்கான் என்று போகப்போக ஸ்வெட்டர் கனக்கிறது. சாலை சிக்கோ ஆற்றைப் பிடித்துக்கொள்கிறது. கோஸ் குறைந்து கல்வரப்பு வயல்கள் வருகின்றன. இவற்றில் வரப்பு மண்ணல்ல, ஆற்றுக் கல்லை அடுக்கிய சுவர். காய்கறிக்கும் நெல்லுக்கும் உள்ள வித்தியாசம் சரிவில் தெரிகிறது: கோஸ்காரர் மலையை அப்படியே சாய்வாகக் கொத்தியிருக்கிறார், நெல்காரர் படி கட்டியிருக்கிறார். எது மழைக்குத் தாங்கும் என்று சொல்லவேண்டியதில்லை. டந்தாய் என்ற இடத்தில் சகாடாவுக்குப் பாதை பிரிகிறது. பேருந்தில் இருந்த வெளிநாட்டுப் பையன்கள் எல்லாரும் அங்கே இறங்கிவிட்டார்கள். மலைமுகத்தில் தொங்கும் சவப்பெட்டிகளைப் பார்க்கப் போகிறார்கள். நான் நேராகப் பொன்டோக்.

பொன்டோக் பார்த்ததும் பிடித்துப்போகிற ஊர் இல்லை. பள்ளத்தாக்கில் அடைசலாகக் கான்கிரீட் கட்டிடங்கள், நடுவில் ஆறு, எங்கும் டிரைசைக்கிள் இரைச்சல். பிடிக்க ஒரு மத்தியானம் ஆகும். எனக்கு அது அருங்காட்சியகத்தில் ஆனது. மதர் பாசில் என்ற பெல்ஜிய நாட்டுக் கன்னியாஸ்திரி அக்கறையாகச் சேர்த்த பொருள்கள். வெண்கல ஜேகண்டிகள், நெல்தெய்வங்கள், முதுகுக்கூடைகள். வெளியே பழைய ஊர் ஒன்றையே கூரைவீடுகளோடு கட்டிவைத்திருக்கிறார்கள். தலைவெட்டிப் பழிவாங்கிய காலத்துப் படங்களும் உண்டு, ஒளிக்கவில்லை, கூச்சலும் போடவில்லை.

இந்த ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்தவர் எடுவார்டோ மாஸ்பெரே. அப்பா ஸ்பானியச் சிப்பாய், அம்மா கன்கனாய்ப் பெண். 1930களிலிருந்து இந்த மக்களைப் படம் எடுத்தார். வெள்ளைக்காரர் எடுத்த அக்காலப் படங்களில் மலைவாசி மிரண்டு நிற்பார். மாஸ்பெரேயின் படத்தில் வயலில் இருக்கும் பெண் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வேண்டுமானால் எடுத்துக்கொள் என்ற மாதிரி.

சாயங்காலம் பாலத்தில் நின்றேன். சிக்கோவில் தண்ணீர் குறைவு. கல்லுக்கல்லாகத் தாவிப் பிள்ளைகள் அக்கரை போகிறார்கள். 1970களில் அதிபர் மார்க்கோஸ் அரசு இந்த ஆற்றில் நான்கு அணைகள் கட்டப்போவதாக அறிவித்தது. உலக வங்கியின் பணம். பொன்டோக் கிராமங்களும், ஆற்றின் கீழ்ப்பக்கம் கலிங்க என்ற மலைமக்களின் கிராமங்களும் முழுகிப்போகும் என்று சண்டைக்கு நின்றார்கள். சர்வேக்காரர்களின் கூடாரங்களைப் பெண்கள் பிரித்துப் போட்டார்கள். கலிங்கத் தலைவர் மக்லீயிங் துலாக்கை 1980 ஏப்ரல் 24 அன்று ராணுவத்தினர் அவர் வீட்டிலேயே சுட்டுக்கொன்றார்கள். அதற்குப் பிறகு அணை எழும்பவில்லை. ஒவ்வொரு ஏப்ரல் 24ம் தேதியும் இந்த மலைமுழுக்கக் கோர்டில்லேரா நாள். கலிங்க என்ற பெயருக்கும் நம் கலிங்கத்துக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டு யாராவது எழுதுவீர்கள். இல்லை.

சனி, பொன்டோக்

காலையில் ஜீப்னி பிடித்து மலிக்கோங் போய்ப் படிவயல்களைப் பார்த்தேன். யுனெஸ்கோ 1995இல் பட்டியலில் சேர்த்தது பக்கத்து இபுகாவ் மாகாணத்து வயல்களை. மலிக்கோங் அதில் இல்லை. அதனால் கூட்டமும் இல்லை. நடுப்பகலில் வரப்புச் சுவரில் உட்கார்ந்து, ஒரு வீட்டில் கொடுத்த எத்தாக் சாப்பிட்டேன். உப்பு போட்டு மாதக்கணக்கில் காயவைத்த பன்றிக்கறி. முதல் கடியில் நம் ஊர் கருவாடு நினைவு வரும், இரண்டாவது கடியில் பழகிவிடும். சோறு நிறைய வேண்டும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. டிசம்பரிலிருந்து ஏப்ரலுக்குள் போங்கள், மழைக்காலத்தில் வேண்டாம். காலையில் முதல் வண்டிகளைப் பிடித்தால் மேகம் கவிவதற்குள் அத்தோக் தாண்டலாம். வளைவில் தலைசுற்றும் ஆளானால் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை கேளுங்கள், கேட்டால் தருகிறார்கள். கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அத்தோக்கில் ஒரு இரவாவது தங்குங்கள். அந்த நாற்றம் அரைமணியில் மூக்குக்குப் பழகிவிடும். நாளைக் காலை எட்டு மணிக்கு எனக்கு பனாவே வேன். அந்தச் சாலை இதைவிடக் குறுகல் என்று தங்கும்விடுதிக்கார அம்மா எச்சரித்திருக்கிறார், காலைச் சாப்பாட்டை வேனில் ஏறியபின் வைத்துக்கொள்ளாதே என்றும்.